வாக்காளர் தகுதியை மென்பொருள் மதிப்பிடலாமா? மன்றத்தில் வாக்களிக்கும் முன் தெளிவு வேண்டுகிறேன்

மன்ற உறுப்பினர்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் உள்ளாட்சி மன்றத்தில் உறுப்பினராக இருக்கிறேன். வாக்காளர் பட்டியலைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் மன்றத்தின் பதிவு அலுவலகத்திடம் உள்ளது. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று முடிவு செய்வதற்கு முன், இத்துறையை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கணினித் துறையில் எனக்குப் பயிற்சி கிடையாது.

தீர்மானத்தின் சாரம் இதுதான். ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள், வாக்காளர் பட்டியலை இறப்புப் பதிவேடு, சொத்துவரிப் பதிவேடு, குடிநீர் இணைப்புப் பதிவேடு, ஓட்டுநர் உரிமப் பதிவேடு ஆகிய நான்கோடும் ஒப்பிட்டு, ஒவ்வொரு வாக்காளருக்கும் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வழங்கும். 60க்குக் கீழே பெற்றவர்கள் ‘தகுதி ஐயத்துக்குரியது’ என்ற பிரிவில் சேர்க்கப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பப்படும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பெயர் நிறுத்திவைக்கப்படும். மென்பொருளின் துல்லியம் 99 விழுக்காடு என்று நிறுவனம் கூறுகிறது. ‘மென்பொருள் பரிந்துரை மட்டுமே செய்யும், இறுதி முடிவு பதிவு அலுவலருடையது’ என்ற வரியும் தீர்மானத்தில் இருக்கிறது.

இதன் தேவையை நான் மறுக்கவில்லை. வீடு வீடாகச் சென்றபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மகனின் பெயருக்கு ஒவ்வொரு தேர்தலிலும் வாக்காளர் சீட்டு வந்துகொண்டிருப்பதாக ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்தச் சீட்டைக் கிழிக்கவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் மனமில்லாமல் அலமாரியில் மடித்து வைத்திருந்தார். பட்டியலைச் சரிசெய்யாமல் விடுவதும் ஒரு தவறுதான் என்று அன்றே எனக்குத் தோன்றியது.

ஆயினும் இரண்டு ஐயங்கள் என்னை விடவில்லை. 99 விழுக்காடு துல்லியம் என்பதை நான் எப்படிப் பொருள்கொள்வது? ‘இறுதி முடிவு அலுவலருடையது’ என்ற ஒரு வரி போதுமான பாதுகாப்பாகுமா? இதே வழியில் சென்ற மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தரவுப் பணியாளர்:

வெவ்வேறு பதிவேடுகளில் இருக்கும் பெயர்கள் ஒரே மனிதரைக் குறிக்கின்றனவா என்று கண்டறிவதே என் தொழில். ஆகவே முதல் ஐயத்துக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பட்டியலில் 10 லட்சம் பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் உண்மையாகவே நீக்கப்பட வேண்டியவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர், அதாவது 1,000 பேர். மென்பொருள் தகுதியற்ற நூறு பேரில் 99 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது; தகுதியுள்ள நூறு பேரில் 99 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. இதைத்தான் 99 விழுக்காடு என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஐயப் பட்டியலில் யார் யார் இருப்பார்கள்? தகுதியற்ற 990 பேர் இருப்பார்கள். அவர்களோடு, தகுதியுள்ள 9,99,000 பேரில் ஒரு விழுக்காடான 9,990 பேரும் இருப்பார்கள். மொத்தம் 10,980 பெயர்களில் ஏறத்தாழ 91 விழுக்காடு குற்றமற்றவர்களுடையவை. நீக்கப்பட வேண்டியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் என்று கணக்கை மாற்றினால் இந்த விகிதம் பெரிதும் குறையும் என்பது உண்மையே. ஆனால் தவறாகச் சிக்கிக்கொள்வோரின் எண்ணிக்கை அப்போதும் 9,500 இருக்கும். விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன் தலைகளை எண்ணிப் பார்க்குமாறு உங்கள் மன்றத்தினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெயர்கள். ‘யாழினி’ என்ற பெயரை ரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது, ழகரத்துக்கு ஓர் அலுவலகம் ‘இசட்’, ‘எச்’ என்று இரண்டு எழுத்துகளை இடும். இன்னோர் அலுவலகம் ‘எல்’ என்ற ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். தந்தையின் முன்னெழுத்து ஒரு பதிவேட்டில் பெயருக்கு முன்னால் வரும். மற்றொன்றில் பின்னால் போகும். மூன்றாவதில் முழுப்பெயராக விரியும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று மென்பொருளுக்குக் கட்டளையிட்டால் அந்த யாழினி மூன்று வெவ்வேறு மனிதராகிவிடுவார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2018இல் ‘முற்றுப் பொருத்தம்’ என்ற இத்தகைய விதியால் சுமார் 53,000 பதிவுகள் நிலுவையில் வைக்கப்பட்டன. ஓர் இணைப்புக்கோடு விடுபட்டிருந்தாலும், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் போதும். அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர் என்று அப்போது வெளியான செய்திகள் கூறின.

சரி, விதியைத் தளர்த்தி ஓசையை வைத்து ஒப்பிடலாமே என்று கேட்கலாம். அதற்கென்று ‘சவுண்டெக்ஸ்’ என்ற பழைய முறை ஒன்று உண்டு. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இன்றும் பல தரவுத்தளங்களோடு கூடவே வருகிறது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்யொலிகளை எண்களாக மாற்றுவதே அதன் வழி. மகர, னகர ஒலிகள் இரண்டுக்கும் அதில் ஒரே எண். ஆகவே ‘கே’ என்ற ரோமன் எழுத்தில் தொடங்கும் கண்ணனும் காமினியும் அந்த முறையில் ஒரே குறியீட்டைப் பெறுகிறார்கள். அதேவேளை, பெயருக்குரிய கட்டத்துக்குள் முன்னெழுத்தும் சேர்ந்து பதிவாகியிருந்தால், முதலெழுத்தே மாறிவிடுவதால் கண்ணனும் கண்ணனும் வேறு வேறு ஆகிவிடுகிறார்கள். எந்த மொழியின் பெயர்களுக்காக ஒரு முறை உருவாக்கப்பட்டதோ அந்த மொழிக்கு வெளியே அதை நம்பிப் பயன்படுத்துவது எத்தகைய ஆபத்து என்பதற்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பெயரோடு பிறந்த தேதியும் ஒத்துப்போனால் அதே ஆள்தான் என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். ஒரே பெயர் கொண்ட 300 பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்றும், அவர்கள் 50 ஆண்டுக் காலப்பரப்பில் சீராகப் பிறந்தவர்கள் என்றும் கொள்வோம். 300 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 44,850 இணைகள் கிடைக்கும். 50 ஆண்டுகளில் சுமார் 18,250 நாட்கள். ஆகவே பெயரும் நாளும் மாதமும் ஆண்டும் ஒத்துப்போகும் இணைகள், எந்த மோசடியும் இல்லாமலேயே, இரண்டோ மூன்றோ அமையும். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று எழுதிவைத்த பழைய பதிவேடுகளில் இது பன்மடங்காகும்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் 2005இல் தொடங்கிப் பல மாநிலங்களைச் சேர்த்துக்கொண்டு நடத்திய ‘கிராஸ்செக்’ திட்டம் இந்தப் பெயர், பிறந்த தேதி ஒப்பீட்டை நம்பித்தான் இருமுறை வாக்களிப்போரைத் தேடியது. அதை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரை ஒன்று, அத்திட்டம் பரிந்துரைத்த நீக்க முறைகளில் ஒன்றைப் பின்பற்றினால், இருமுறை வாக்களிக்கப் பயன்பட்ட ஒரு பதிவை நீக்குவதற்கு, முறையாக வாக்களிக்கப் பயன்பட்டதாகத் தோன்றும் சுமார் 300 பதிவுகளையும் சேர்த்து நீக்க நேரிடும் என்று மதிப்பிட்டது. ஒரு வழக்கின் சமரசத்தையடுத்து 2019இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவேடுகளை இணைப்பதற்கான புள்ளியியல் அடிப்படையை இவான் ஃபெலகி, ஆலன் சன்டர் ஆகிய இருவரும் 1969இல் வகுத்தார்கள். அவர்களுடைய கோட்பாட்டில் இருப்பவை மூன்று பிரிவுகள்: பொருத்தம், பொருத்தமின்மை, இரண்டுக்கும் நடுவே மனிதர் பார்த்துத் தீர்க்க வேண்டிய ஐயம். உங்கள் தீர்மானத்தில் 60 என்ற ஒரே கோடு இருக்கிறது. அந்த நடுப்பிரிவு எங்கே போயிற்று? மேலும், சொத்துவரிப் பதிவேட்டில் ஒருவரின் பெயர் இல்லை என்பது அவர் சொத்து வைத்திருக்கவில்லை என்பதை மட்டுமே காட்டும். அவர் அங்கே வசிக்கவில்லை என்று அதிலிருந்து கொள்ள முடியாது. வாடகைக்கு இருப்போர், வீட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லாத பெண்கள், விடுதியில் தங்கும் மாணவர்கள், பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் முதியவர்கள் ஆகிய அனைவரையும் இந்த நான்கு பதிவேடுகளின் தேர்வே கீழே தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகு கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பயனில்லை.

பழைய எழுத்தர்:

இரண்டாவது ஐயத்துக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். ஒரு பதிவு அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருளும் பரிந்துரை மட்டுமே செய்தது. திரையின் இடப்பக்கத்தில் வாக்காளரின் விவரம், வலப்பக்கத்தில் இறப்புப் பதிவேட்டின் விவரம், நடுவில் ஒரு மதிப்பெண், கீழே ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு கட்டங்கள். ‘ஏற்கிறேன்’ என்பது முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதை ஏற்க ஒரு விசையை அழுத்தினால் போதும். மறுப்பதென்றால் காரணத்தை எழுத வேண்டும். மேலதிகாரியின் ஒப்புதலுக்கும் அனுப்ப வேண்டும். மாலையில் யார் எத்தனை பதிவுகளை முடித்தார்கள் என்ற கணக்கு எடுக்கப்படும்.

ஒருநாள் காலையில், அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எங்கள் மேசைக்கு வந்தார். தாம் இறந்துவிட்டதாகப் பட்டியலில் குறிக்கப்பட்டிருப்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் பார்த்துச் சொன்னதாகக் கூறினார். நான் பதிவைத் திறந்தேன். இரு பக்கத்திலும் ஒரே பெயர், இரு பக்கத்திலும் ஜனவரி 1. தந்தை பெயருக்கான கட்டம் இறப்புப் பதிவேட்டில் வெறுமையாக இருந்தது. வீட்டு எண் வேறு. பார்த்தவுடன் தெரியக்கூடிய வேறுபாடுகள்தாம். கீழே ஒப்புதல் அளித்தவரின் பயனர் பெயர் இருந்தது, அது என்னுடையது. பதிவைத் திறந்த நேரத்துக்கும் விசையை அழுத்திய நேரத்துக்கும் இடையே 11 விநாடிகள். அந்த அம்மா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் அடையாள அட்டையை மேசையில் வைத்து, “இதைவிட வேறு என்ன கொண்டுவர வேண்டும் ஐயா?” என்று மட்டும் கேட்டார். பெயர் மீண்டும் சேர்க்கப்பட அவர் மேலும் இரண்டு முறை வந்து போக வேண்டியிருந்தது. கடிதம் அனுப்பியதாகக் கோப்பில் இருந்தது. அது அவர் கைக்குச் சேரவில்லை.

மேலே தரவுப் பணியாளர் சொன்ன 10,980 பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முன் 30 வேலைநாட்களில் ஓர் அலுவலர் அதை முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு 366 பதிவுகள். ஏழு மணி நேரம் எழாமல் உட்கார்ந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் ‘இறுதி முடிவு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்கிறது என்று உங்கள் மன்றத்தில் கேளுங்கள்.

அந்த வரி உண்மையாக வேண்டுமென்றால், முன்கூட்டியே தேர்வான விடை எதுவும் திரையில் இருக்கக்கூடாது. ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஒரே அளவு உழைப்பு தேவைப்பட வேண்டும். மதிப்பெண்ணை அலுவலர் தம் முடிவைப் பதிந்த பிறகே காட்ட வேண்டும். எண்ணைக் கண்டுவிட்ட கண் அதற்கு ஏற்ற காரணங்களைத்தான் பிறகு தேடும் என்பதை நான் என்னிடமே கண்டேன். இறந்ததாகச் சொல்லப்படும் ஒருவரின் வீட்டுக்கு ஒருவர் நேரில் செல்லாமல் பெயரை நீக்கக்கூடாது. கதவைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் உண்மை அது.

தணிக்கையாளர்:

இதுவரை எழுதியவர்கள் சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த விவாதம் ‘மென்பொருள் வேண்டாம்’ என்ற முடிவை நோக்கிச் செல்வதாகத் தோன்றுவதால் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

கையால் பராமரிக்கப்பட்ட பட்டியல்கள் குற்றமற்றவை அல்ல. எந்தத் தெருவில் விசாரணை நடத்துவது, எந்த ஆட்சேபத்தை ஏற்பது என்பன யாருடைய பேனாவில் இருந்தனவோ அவர்களுடைய விருப்பு வெறுப்புகள் பட்டியலில் படிந்தன. அவற்றை யாரும் பின்னர் அளந்து பார்க்கவும் முடியவில்லை. மென்பொருளின் விதியை எழுத்தில் வாங்கலாம், ஒரே தரவை இரண்டு முறை கொடுத்துச் சோதிக்கலாம், எந்தப் பிரிவினரை அது அதிகம் பாதிக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இடம் மாறியதாக ஐயுறப்பட்டவர்களுள் குறைந்தது 4 விழுக்காட்டினர் பழைய முகவரியிலேயே வாக்களித்தார்கள் என்பதும், அத்தவறு சிறுபான்மையினருக்கு நேரும் வாய்ப்பு வெள்ளையினரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதும் 2021இல் ஓர் ஆய்வில் வெளிப்பட்டன. பதிவுகள் ஒழுங்காக இருந்ததால்தான் அந்த ஆய்வு நடக்க முடிந்தது.

உங்கள் மன்றத்துக்கு மிக நெருக்கமான முன்மாதிரி பிரிட்டனில் இருக்கிறது. ஏனெனில் அங்கே வாக்காளர் பதிவு அலுவலர்கள் உள்ளாட்சி மன்றங்களைச் சேர்ந்தவர்கள். 2014இல் குடும்பத் தலைவர் வழியாகப் பதியும் பழைய முறையிலிருந்து தனிநபர் பதிவுக்கு மாறியபோது, இருந்த பட்டியல் முழுவதையும் மத்திய அரசின் ஓய்வூதியத் துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். விடைகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களில் வந்தன. அதன்பின் மன்றங்கள் தங்களிடமிருந்த உள்ளூர் வரிப் பதிவேடு முதலியவற்றையும் கொண்டு சரிபார்த்தன. சுமார் 87 விழுக்காட்டினர் தாங்கள் எதுவும் செய்யாமலேயே புதிய பட்டியலுக்கு உறுதிப்படுத்தப்பட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, பொருத்தம் கிடைத்தவர்களைச் சேர்க்கவே அந்த ஒப்பீடு பயன்பட்டது என்பதுதான். கிடைக்காதவர்களுக்குக் கடிதங்கள் சென்றன. அவர்களுடைய பெயர்கள் 2015 மே பொதுத்தேர்தலிலும் பட்டியலில் இருந்தன. அதன் பிறகு, தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைக்கு மாறாக, அரசு கெடுவை ஓராண்டு முன்னதாக, 2015 டிசம்பரிலேயே முடித்துக்கொண்டது. அந்த அவசரத்தை நான் ஏற்கவில்லை. பொருத்தம் குறைவாக இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், இங்கே சொல்லப்பட்டவர்களேதான்: மாணவர்களும் வாடகைக்குக் குடியிருப்போரும்.

ஆஸ்திரேலியாவும் 2012 முதல் அரசுத் துறைகளின் தரவுகளைக் கொண்டு, விண்ணப்பிக்காதவர்களைத் தானே பட்டியலில் சேர்க்கிறது. சேர்ப்பதற்கு முன் அவர்களுக்கு அறிவிக்கிறது. இப்படிப் பார்த்தால், விடுபட்டவர்களைத் தேடிச் சேர்க்க மென்பொருளைப் பயன்படுத்துவதும், இருப்பவர்களை நீக்கப் பயன்படுத்துவதும் ஒரே தொழில்நுட்பத்தின் இரு பயன்கள் என்றாலும், தவறு நேர்ந்தால் விளையும் தீங்கு இரண்டிலும் ஒன்றல்ல. ஆகவே தீர்மானத்தைத் தோற்கடிப்பதைவிடத் திருத்துவதே நல்லது என்பது என் கருத்து. அந்தத் தாயின் அலமாரியில் இருக்கும் சீட்டுக்கும் ஒரு விடை வேண்டுமல்லவா?

வழக்குரைஞர்:

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் ஊருக்குப் பொருந்தும் சட்டத்தை உங்கள் மன்றத்தின் வழக்குரைஞரிடம்தான் கேட்க வேண்டும். ஆயினும் பல நாடுகளின் நீதிமன்றங்களும் சட்டங்களும் ஒரே திசையில் சில கோடுகளைப் போட்டிருக்கின்றன.

ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. ஒரு காலத்தில் ஓர் அலுவலர் விசாரித்து அதைச் சேர்த்திருக்கிறார். இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் லால் பாபு உசேன் வழக்கில், பட்டியலில் உள்ள ஒருவரை நீக்க முற்படும்போது அவருக்கு எதிரான காரணத்தைத் தெரிவித்து, தம் தரப்பைச் சொல்ல முறையான வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், முன்பு பெயர் சேர்க்கப்பட்டதற்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறியது. உங்கள் தீர்மானத்தின்படி கடிதத்தில் மதிப்பெண்ணும் அதற்கான காரணமும் இருக்குமா? ‘உங்கள் தகுதி ஐயத்துக்குரியது’ என்று மட்டும் எழுதப்பட்ட கடிதத்துக்கு எவராலும் பொருத்தமான பதில் எழுத இயலாது.

காலமும் முக்கியம். அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுத் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், கூட்டாட்சித் தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் மொத்தமாகப் பெயர் நீக்கும் திட்டங்களை நடத்தத் தடை விதிக்கிறது. இடம் மாறியதாகக் கருதப்படுபவர் அறிவிப்புக்குப் பதில் தராவிட்டாலும், அதன்பின் இரண்டு பொதுத்தேர்தல்கள் வரை அவர் வாக்களிக்க வராமலிருந்தால்தான் நீக்கலாம். அந்த அளவோடு ஒப்பிடுங்கள், உங்கள் தீர்மானம் தருவது 15 நாட்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22ஆம் பிரிவு, சட்ட விளைவை உண்டாக்கும் முடிவுகளை முழுவதும் தானியங்கி முறைக்கு விட்டுவிடாமலிருக்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. பழைய எழுத்தர் விவரித்த 11 விநாடி ஒப்புதலை மனித முடிவு என்று வாதிட எனக்கு வழக்கு கொடுத்தால் நான் ஏற்கமாட்டேன்.

காலாவதியான தரவு என்ன செய்யும் என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தில் 2019 ஜனவரியில் நடந்ததைக் கூறலாம். குடியுரிமை இல்லாதவர்கள் என ஐயுற்றுச் சுமார் 95,000 வாக்காளர்களின் பட்டியலை மாநில அலுவலகம் உள்ளூர்ப் பதிவு அலுவலர்களிடம் கொடுத்தது. ஓட்டுநர் உரிமம் வாங்கியபோது வெளிநாட்டவராக இருந்து, பின்னர் முறைப்படி குடியுரிமை பெற்று வாக்காளரானவர்கள் ஏராளமானோர் அதில் இருந்தார்கள். உரிமப் பதிவேட்டில் அந்த மாற்றம் ஏறவே இல்லை. சில நாட்களுக்குள்ளாகவே சுமார் 25,000 பெயர்கள் தவறானவை என்று தெரியவந்தது. நீதிமன்றம் தலையிட்டது, ஏப்ரலில் சமரசம் செய்துகொண்டு பட்டியல் கைவிடப்பட்டது.

உள்ளூர் அலுவலர்களின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புளோரிடாவில் 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், குற்றத் தண்டனை பெற்றவர்கள் என்று ஒரு தனியார் நிறுவனம் தொகுத்த பட்டியல் கவுன்டிகளுக்கு, அதாவது மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பகுதிகளுக்கு, அனுப்பப்பட்டது. குடும்பப் பெயரில் 80 விழுக்காடு எழுத்துகள் ஒத்திருந்தாலே பொருத்தமாகக் கொள்ளப்பட்டது. மேடிசன் கவுன்டியின் தேர்தல் பொறுப்பாளர், தாமே குற்றவாளி என்று கூறும் கடிதத்தைப் பெற்றார். பட்டியலை நம்பிப் பெயர்களை நீக்கிய கவுன்டிகளும் இருந்தன; ஏற்க மறுத்த கவுன்டிகளும் இருந்தன. அந்த மாநிலத்தில் அதிபர் தேர்தலை முடிவு செய்த வாக்கு வேறுபாடு 537.

ஒரு நற்செய்தியும் உண்டு. ஒஹையோ மாநிலம் 2019இல் நீக்கப்படவிருந்த சுமார் 2,35,000 பெயர்களின் பட்டியலை முன்கூட்டியே பொது அமைப்புகளிடம் கொடுத்தது. அவர்கள் தேடியதில் சுமார் 40,000 பெயர்கள் தவறாக இடம்பெற்றிருந்தது தெரியவந்தது. நீக்கிய பிறகு வரும் மேல்முறையீட்டைவிட, நீக்குவதற்கு முன் வெளியிடப்படும் பட்டியல் பல மடங்கு வலிமையான பாதுகாப்பு.

மன்ற உறுப்பினர்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தணிக்கையாளர் கூறியபடி தீர்மானத்தைத் திருத்தக் கோருவது என்று முடிவு செய்துள்ளேன். மென்பொருளின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து எந்தப் பெயரையும் நிறுத்திவைக்கக்கூடாது. ஐயப் பட்டியல் காரணங்களோடு முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். இறப்பு என்றால் நேரடி விசாரணை வேண்டும். தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் மொத்த நீக்கம் கூடாது. அதே ஒப்பீட்டைக் கொண்டு விடுபட்டவர்களையும் தேட வேண்டும். இவற்றை எழுத்தில் கொடுக்கவிருக்கிறேன். பதிலின்மையை ஒப்புதலாகக் கொள்ளும் 15 நாள் விதியை முற்றிலும் எடுத்துவிடச் சொல்வேன்.

ஒரு சிக்கல் நிற்கிறது. மதிப்பெண் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்று நிறுவனத்திடம் கேட்டதற்கு, அது வணிக இரகசியம் என்று பதில் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அதைச் சோதிக்க வழி உண்டா? என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், வாகனம் ஓட்டுவதில்லை. வரி, குடிநீர், ஓட்டுநர் உரிமம் ஆகிய மூன்று பதிவேடுகளிலும் என் பெயர் கிடையாது.

தரவுப் பணியாளர்:

வழி உண்டு. விதி இரகசியமாக இருந்தாலும் அதன் விளைவு இரகசியமாக இருக்க முடியாது. (வாக்குரிமையைத் தொடும் விதியை இரகசியமாக வைக்கும் ஒப்பந்தத்தில் ஒரு மன்றம் கையெழுத்திடக்கூடாது என்பது வேறு, அதை உங்கள் திருத்தங்களில் முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பழைய பட்டியல் ஒன்றை, பெயர் எதையும் நீக்காமல், மென்பொருளில் ஓட்டச் சொல்லுங்கள். 60க்குக் கீழே வந்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் 300 பெயர்களை எடுத்து, நிறுவனத்துக்குத் தொடர்பில்லாதவர்களைக் கொண்டு வீட்டுக்கு வீடு விசாரியுங்கள். 300இல் 30 பேர் தகுதியுள்ளவர்களாக இருந்தால், முன்பு சொன்ன அதே அளவில், 10,980 பேர் கொண்ட ஓர் ஐயப் பட்டியலில் சுமார் 1,100 பேர் தவறாகச் சிக்கியிருக்கிறார்கள் என்று கணக்கிடலாம். 300இல் ஒருவர்கூடத் தவறாக இல்லை என்று வந்தாலும் தவறே இல்லை என்று பொருளல்ல. தவறு ஒரு விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்பதையே 95 விழுக்காட்டு உறுதியோடு அந்தச் சோதனை சொல்லும். மொத்தமாக ஒரு மாதிரி எடுப்பதோடு நின்றுவிடாமல், வாடகைக்கு இருப்போர், திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள், 80 வயதைக் கடந்தவர்கள், பிறந்த தேதி ஜனவரி 1 என்று உள்ளவர்கள் ஆகியோரைத் தனித்தனியாகவும் எண்ண வேண்டும். மொத்த எண்ணிக்கையில் மறைந்துபோகும் தவறு இவர்களிடம்தான் திரண்டிருக்கும்.

இதற்கெல்லாம் ஆளும் நாளும் வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் முடியாது என்றால், ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். நிறுவனம் விளக்கவுரை தர வரும்போது, மன்ற உறுப்பினர்கள் அனைவருடைய மதிப்பெண்ணையும், அவரவர் ஒப்புதலோடு, அந்த அவையிலேயே கணித்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் உங்களுடையதைக் கேளுங்கள்.